வாசலில் வைத்த தண்ணீர் டிரம்

என் நடுங்கும் குரலுக்கும் இந்த மேடையில் இடம் தந்து தலைமையேற்றிருக்கும் ஆய்வு நிலைய இயக்குநர் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையோடு, இருப்பதா எழுந்து போவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, வணக்கம். போய்விடாதீர்கள் அம்மா. உங்களிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

'ஆய்வும் அறமும்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. அழகான தலைப்பு. ஆனால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

பழைய பேட்டரி உடைக்கும் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் உங்கள் குடியிருப்பில், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எங்கள் நிலையத்தார் பிள்ளைகளின் ரத்தம் எடுத்தார்கள். அங்கேதான் என் அக்காவும் இருக்கிறாள். நேற்றுப் போயிருந்தேன். அவள் மகள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

"என்னக்கா, ஏன் இப்படிக் கிடக்குறா?"

"வயித்து வலியாம். பள்ளிக்கூடம்னா வந்துடும். சித்தி மாதிரியே!"

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"அதான் உங்க ஆளுங்க ரத்தம் எடுத்துட்டுப் போனாங்களே! ஏதாச்சும் இருந்தா சொல்லாமலா இருப்பாங்க?"

கேட்டீர்களா? சொல்லாததையே நல்ல சேதி என்று நம்பியிருக்கிறாள். நீங்களும் அப்படித்தானே? தலையாட்டுகிறீர்கள். அதுதான் என்னைக் கலங்கடிக்கிறது.

அக்கா சிரித்துக்கொண்டே மேலும் சொன்னாள். "உங்க ஆளுங்க முதல் தடவை வந்தப்ப எங்க குழாய்த் தண்ணியத்தான் குடிச்சாங்க. அடுத்த தடவை ஆளுக்கொரு பாட்டில்! படிச்ச தொண்டையில இறங்கல போல!"

அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது.

இன்று இங்கே புறப்படும் முன் எங்கள் மூத்த ஆய்வாளரிடம் பரிசோதனை முடிவு என்ன என்று கேட்டேன். பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம். குழாய்த் தண்ணீரிலும் ஈயம். முடிவு வந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. "கட்டுரை அச்சாகட்டும்மா. அதுவரைக்கும் வாயத் திறக்காதே. வீணா பீதி கிளம்பும்" என்றார்.

யாருக்குப் பீதி? ரத்தம் தந்தது யார் பிள்ளை? வலியில் சுருள்வது யார் வயிறு? வளரும் நாட்டில் ஆய்வு வளரட்டும்; பிள்ளைகள் வளர வேண்டாமா? கரைந்த ஈயத்துக்கு நிறமில்லை, மணமில்லை. ஒளித்த உண்மைக்கும் இல்லை. இரண்டும் ஓசையின்றி உள்ளே இறங்கும், உட்கார்ந்து உருக்கும்.

ஐயா மணி அடிக்கிறார்கள். நேரமாகிவிட்டதாம். நேரம் மழைக்காலத்திலேயே ஆகிவிட்டது ஐயா! நாளை எனக்கு வேலை இருக்குமா, தெரியாது. அந்தப் பயமும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் என் எதிரே, அக்காவின் மடியில் தூங்குகிறது.

இதோ, மேடையில் எங்களுக்கு மூடி திறக்காத பாட்டில்கள். உங்களுக்கு வாசலில் டிரம். எங்கே பிடித்த தண்ணீர் என்று வரும்போதே கேட்டேன். "பட்டறைக்குப் பின்னாடி, குடியிருப்புக் குழாய்லதாம்மா" என்றார்கள். மூடிவைத்துவிட்டுத்தான் மேடை ஏறினேன்; யாரோ திறந்துவிட்டார்கள்.

தூணோரம் நிற்கும் அம்மா, டம்ளரைக் கீழே வையுங்கள்! குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்!

இவ்வளவு நேரம் என்னை நம்பி அமர்ந்திருந்தீர்கள், நன்றி. மாலை வேண்டாம், கைத்தட்டல் வேண்டாம். டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, பிள்ளைகளோடு நேராக மருத்துவமனைக்கு நடப்போம். நானும் வருகிறேன். அனைவருக்கும் வணக்கம்.

அக்கா, முதலில் நீ எழுந்திரு.