உறைக்கயிறு

எங்கள் ஊரில் பிட்டோக் கள் விற்பவள் முதல் வாயைத் தானே குடித்துக் காட்டிவிட்டுத்தான் குடுக்கையை நீட்டுவாள். நல்ல பழக்கம். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு, ஐயா. மற்றவர்களை நினைத்துப் பார்க்காமல் எதையும் செய்கிறவள் அல்ல நான்.

கிளோத்தில்டா எனக்குப் பக்கத்து வீடு. இருவரும் சோளத்தை முளைகட்டிக் காய்ச்சி, சந்தைக்குப் பிட்டோ போடுகிறவர்கள். பொங்கி முடிந்த பானையின் அடிமண்டியில் புல்கயிற்றை நனைத்துக் காயவைத்தால், அதுதான் அடுத்த பானைக்கு உறை. ஒருத்தியின் கயிறு கெட்டால் மற்றவள் தருவாள். வாங்கியவள் பிறகு தன் பானையில் நனைத்த கயிறு ஒன்றைத் திருப்பிக் கொடுப்பாள். உறையை விற்கவும் கூடாது, இல்லை என்று சொல்லவும் கூடாது. என் பிள்ளைகள் பாதி நாள் அவள் வீட்டில்தான் தூங்குவார்கள். அவ்வளவு நம்பியிருந்தேன்.

என் கணவர் பயூவோ இறந்தார். அவருடைய கருமாதிக்குப் பிட்டோ காய்ச்ச வேண்டிய வாரம் பார்த்து, என் கயிற்றை ஆடு தின்றுவிட்டது. நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன். கிளோத்தில்டாவிடம் போனேன். ஒரு கயிற்றை இரண்டாக வெட்டினாள். ஒரு பாதி எனக்கு, மறுபாதி தெருக்கோடி ஸ்கொலாஸ்டிகாவுக்கு.

“இந்தா அக்கா. மாமா இருந்தப்ப குடிச்சதுக்கெல்லாம் சேர்த்துப் பொங்கும் பாரு. ஆனா காய்ச்சின சாறை நல்லா ஆறவிட்டுக் கயித்தப் போடு. நீ ஒரு அவசரக்குடுக்கை.”

பானை பொங்கவில்லை. மறுநாள் மூடியைத் திறந்தால் கஞ்சித்தண்ணீர் போல் அப்படியே கிடந்தது. முற்றம் நிறைய உறவினர்கள். வாத்தியக்காரர்கள் காய்ந்த தொண்டையோடு வாசித்துக்கொண்டிருந்தார்கள். என் மாமியார் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எம்புள்ள இவ கையால வேணாங்கறான்.”

மனைவி துரோகம் செய்திருந்தால்தான் செத்தவர் அப்படி மறுப்பார் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. அன்று பொழுது சாய்வதற்குள் என் பானைகள் தெருவில் கிடந்தன. பிள்ளைகளை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நான் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

கிளோத்தில்டா செத்த உறையைத் தந்திருக்கிறாள். வேறென்ன? கூடவே காய்ச்சினாள், கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள், கடைசியில் கழுத்தை அறுத்தாள். மாமியார் செய்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை, அவளை நான் நம்பியதே இல்லை. இவள் செய்ததுதான் இன்றும் வலிக்கிறது.

ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். வாங்கிய உறையைத் திருப்பித் தர வேண்டும் அல்லவா? அண்ணி தந்த உறையைப் போட்டு ஒரு சிறு பானை காய்ச்சினேன். நன்றாகப் பொங்கியது. அதன் மண்டியில் ஒரு கயிற்றை நனைத்துக் காயவைத்தேன். எலி மருந்தைக் கரைத்து இன்னொரு முறை நனைத்தேன். கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

“இந்த நெலமையில உங்கிட்ட இதக் கேப்பனா அக்கா?” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நடிப்பையும் பொறுத்துக்கொண்டேன்.

முதல் வாய் அவளுடையது என்பதால் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று யோசித்துத்தான் செய்தேன். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. முதுகில் கட்டியிருந்த பெண் குழந்தை அழுதது என்று இரண்டாவது வாயை அதற்கு ஊட்டியிருக்கிறாள். அது அவள் செய்தது. பிள்ளைக்குப் பிட்டோ கொடுக்காதே என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

கிளோத்தில்டா எனக்கு வெட்டித் தந்த கயிற்றின் மறுபாதியைப் போட்ட ஸ்கொலாஸ்டிகாவின் பானை நுரைத்துப் பொங்கியது என்கிறீர்கள். இருக்கலாம். என் சாறு ஆறியிருந்ததா என்று கேட்கிறீர்கள். முழங்கை வரை விட்டுப் பார்ப்பது வழக்கம், நானும் விட்டேன். சுட்டது. மாமியார் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள். கயிற்றைப் போட்டுவிட்டேன்.

மனதாரக் கொடுத்த உறையாக இருந்தால் அந்தச் சூட்டைத் தாங்கியிருக்கும், ஐயா.