ஜெல்லியும் குட்டை மீனும்

மலேசியாவில் கோப்பெங்கிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவரும் அவருடைய தங்கை மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கைக்குக் கொண்டுபோகும் மீன் ஒரு பையில் அவர்கள் காலடியில் இருந்தது. அந்தப் பெண்ணின் மடியில் ஒரு போத்தல், உள்ளே ஊறின சவ்வரிசி மாதிரி உருண்டைகள்.

“ஜெல்லி விஷத்தைக் குடிக்குமாம்! இதுக்குத்தான் யூனிவர்சிட்டி போனியா?”

“தண்ணியில இருக்குற காரீயத்தை இழுத்துக்கும், மாமா. ஈயம் தோண்டின பள்ளத்துல நீங்க மீன் வளக்குற குட்டையில, ஒரு மூலையில போட்டுப் பாக்கணும். நீங்க சரின்னா போதும்.”

“தோட்டத்துல முப்பது வருசம் ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊத்தி உறைய வச்சவன் நான். எனக்கே ஜெல்லி காட்டுறியா?”

“உங்க பாலு உறைஞ்சா உறைஞ்சதுதான். இது ஆசிட்டுல போட்டா சுருங்கி, புடிச்சதையெல்லாம் கக்கிட்டு மறுபடியும் வேலைக்கு வரும்.”

“ஜெல்லிக்கு வேலை கிடைச்சிருச்சு, உனக்குத்தான் இன்னும் கிடைக்கல லா! என் குட்டைத் தண்ணி சுத்தம். மீனு எப்படிக் கொழுத்திருக்கு பாரு.”

“அத்தை இதைச் சமைப்பாங்களா?”

“அவளா? குட்டை மீனை வீட்டுக்குள்ளயே விடமாட்டா, பயந்தாங்கொள்ளி.”

“நீங்க?”

“எனக்கு மார்க்கெட் மீனுதான்.”

“அப்ப எங்கம்மா மட்டும் இதைத் திங்கணுமா, மாமா?”

நான் பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டேன். ஈப்போ வந்ததும் பெரியவர் குனிந்து, மீன் பையை அவள் கைக்கு எட்டாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சனிக்கிழமை வா. ஒரு மூலைதான், தெரியுதா?”