மோட்டார் நின்றுதான் இருந்தது

எங்கள் பக்கம் குழி தோண்டுவது லேசான காரியம் இல்லை, ஐயா. மேலே முழங்கை ஆழத்துக்குச் செம்மண் நன்றாக வெட்டுப்படும். அதற்குக் கீழே சுக்கான் கல். கடப்பாரையைப் போட்டால் பொறி பறக்கும், உள்ளங்கை கன்றிப்போகும். திருச்செங்கோட்டு மலை கண்ணில் படுகிற காடெல்லாம் இப்படித்தான். நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்று காப்பி கொண்டுவந்த கான்ஸ்டபிள் சொன்னார். அங்கே மண்வெட்டி தானாக இறங்குமாமே. அதனால்தான் முதலில் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். என் தம்பி சின்னுசாமி வரப்புச் செதுக்கும்போது அஜாக்கிரதையால் மின்சாரக் கம்பியைத் தொட்டு இறந்துபோனான், யார் பேரிலும் சந்தேகம் இல்லை என்று இருக்கிறது. கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் பெரியவரே என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் அஜாக்கிரதை என்ற அந்த வார்த்தை சரியில்லை. சின்னுசாமி அஜாக்கிரதைக்காரன் இல்லை. அவன் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தான்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இடையில் நிறுத்தினால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

அப்பா போன பிறகு காட்டைப் பிரித்துக்கொண்டோம். விளைநிலத்தைக் காடு என்போம் நாங்கள். கிழக்குப்புறம் எனக்கு, மேற்குப்புறம் அவனுக்கு, நடுவில் ஒரு வரப்பு. கிணறு அவன் பங்குக்குள் விழுந்துவிட்டது. தண்ணீர் மட்டும் பொது, ஆளுக்கொரு நாள் முறை. வரப்புச் செதுக்குவதும் முறைதான். ஆடி மாதத்தில் ஒரு வருஷம் நான் செதுக்குவேன், அடுத்த வருஷம் அவன். பங்காளிகளுக்குள் எல்லாரும் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். ஒருவனே செதுக்கிக்கொண்டிருந்தால் வரப்பு மெல்ல மெல்ல அடுத்தவன் காட்டுக்குள் நகர்ந்துவிடும். என் முறை வரும்போது நான் விரல்கடை அளவு அவன் பக்கம் ஒட்டிச் செதுக்குவேன். ஊரில் யார்தான் செய்யவில்லை. ஆனால் சின்னுசாமி தன் முறையில் ஒரு தடவைகூட என் பக்கம் ஒட்டிச் செதுக்கியதில்லை. எதற்காக விட்டுவைக்கிறான் என்று எனக்கு அப்போதே உறுத்தும்.

பிறகு மேட்டூர்க் கரண்டு எங்கள் ஊர் ரோட்டுக்கு வந்தது. நான் மோட்டாருக்கு எழுதிக் கொடுத்தேன். கம்பம் நட்டது என் காட்டு ஓரத்தில், கிணறு இருப்பது அவன் காட்டில். அப்படியானால் கம்பத்திலிருந்து கிணற்றுக்கு ஒயர் அவன் மண்ணுக்கு அடியில் போக வேண்டும். கிணற்றிலிருந்து என் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர்க் குழாயும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். இரண்டுக்கும் ஒரே பள்ளம் போதும் என்றார் ஒயர்மேன் கைலாசம். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர், நல்ல வேலைக்காரர்.

நான் தம்பியிடம் கேட்கப் போனேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பாராமல் சொன்னான்.

"தோண்டிக்கோங்கண்ணா. மண்ணுக்குள்ள போறது யாருக்கு என்ன எடஞ்சலுங்க? இதுக்கு என்னைய வேற கேக்கோணுமா?"

அவ்வளவுதான். எழுத்து இல்லை, பஞ்சாயத்து இல்லை. ஒரு நிபந்தனைகூட வைக்கவில்லை. வைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பள்ளம் தோண்டியது பெரும்பாடு. வரப்புக்கு நேர் கீழே சுக்கான் கல் மேலேயே இருந்ததால் அங்கே மட்டும் ஆழம் போகவில்லை. கைலாசம் முகத்தைச் சுளித்தார். உலகச் சண்டைக்காலம் என்பதால் இரும்புத் தகடு சுற்றிய ஒயரும் கிடைக்கவில்லை, ரப்பரும் தார்ச்சணலும் சுற்றியதுதான் வந்தது. அடியில் குழாயைப் போட்டு, ஒதுக்கி ஒயரை விட்டு, மேலே மணல் பரப்பி, அதற்கு மேல் நெடுகச் செங்கல் அடுக்கினார். வரப்புக்குக் கீழே இரட்டையாக அடுக்கினார்.

"இங்க மேலாப்புல கிடக்குது, கவுண்டரே. நாளைக்கு எவனாவது மண்வெட்டி போட்டா முதல்ல கல்லுல ணங்குன்னு படணும். பட்டா நின்னுடுவான். இந்தக் கல்லுதான் காவல்" என்றார்.

நான் ஒன்று கேட்டேன். "மோட்டார நிறுத்திப்போட்டா ஒயருக்குள்ள ஒண்ணும் இருக்காதுங்களே?"

அவர் சிரித்தார். "கடைமடைய அடைச்சா வாய்க்கா காலியாயிடுமா? தண்ணி நின்னுக்கிட்டுத்தானே இருக்கும்? மோட்டார்கிட்ட இருக்கிற சுவிட்சு கடைமடை. கம்பத்தடியில பெட்டிக்குள்ள இருக்குது பாருங்க பீஸ் கட்டை, அதுதான் தலைமடை. அதைப் பிடுங்கினாத்தான் ஒயரு காலி. பெட்டிச் சாவிய பத்திரமா வெச்சுக்கங்க."

இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். ஊரில் யாருக்கும் தெரியாது. மோட்டார் உறுமினால் கரண்டு இருக்கிறது, நின்றால் போய்விட்டது. எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். சின்னுசாமியும் அப்படித்தான். நான் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மோட்டாரைப் போட்டோம். குழாய் வாயில் தண்ணீர் பொங்கி வந்து என் மஞ்சள் காட்டில் விழுந்தது. ஊரே நின்று பார்த்தது. என் மனைவி காளியாத்தாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்போது சின்னுசாமி என் தோளில் தட்டிச் சொன்னான்.

"பாத்துக்கோங்கண்ணா, இனி உங்க உசுரு எங் காட்டுக்குள்ளதான் ஓடுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று பிடித்த பயம், ஐயா. அதற்கு முன் எனக்குப் பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், சின்ன வயதிலிருந்தே நான் பயந்தவன்தான். ஆனால் இது வேறு. கவலை இறைக்கிற மாட்டை விற்றாயிற்று. காடு முழுக்க மஞ்சள் வைத்தாயிற்று. அவன் ஒரு நாள் காலையில் எழுந்து மண்வெட்டியை ஒரு போடு போட்டால் என் காடு காய்ந்துவிடும். கேட்டால், என் மண், நான் வெட்டினேன் என்பான். அவன் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பு வழியே போனால் எனக்கு ஈரக்குலை நடுங்கும். அவன் திரும்பிப் பார்த்தால் ஏன் பார்க்கிறான் என்று நடுங்கும். பாராமல் போனால் அதைவிட அதிகமாக நடுங்கும். தினமும் பள்ளத்து வழியே நடந்து மண் கலைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சோறு இறங்கவில்லை.

காளியாத்தாளிடம் சொன்னேன். "உங்களுக்குக் கிறுக்குத்தான் புடிச்சிருக்குது. சின்னவரு ஈ எறும்புக்குக் கெடுதல் நெனைப்பாரா?" என்று திட்டினாள். பெண்பிள்ளைக்கு என்ன தெரியும்.

ஒரு தடவை குழாயில் கசிவு வந்தது. நான் சேலம் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சின்னுசாமியே சணல் சுற்றி, மெழுகு வைத்துக் கட்டியிருந்தான். சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். எனக்கு அன்று காய்ச்சலே வந்துவிட்டது. குழாய் எங்கே, எந்த ஆழத்தில் போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கட்டத் தெரிந்த கைக்கு அவிழ்க்கவும் தெரியும்.

இந்த ஆடி அவன் முறை.

கிணற்றடி மோட்டார்க் கொட்டகைக்கு ஒரு படி வேண்டியிருந்தது. மழையில் வழுக்குகிறது. புதுச் செங்கல் வாங்க மனம் வரவில்லை. வரப்புக்குக் கீழே இரட்டையாக வீணாகக் கிடந்ததை முழுக்க எடுத்துப் படி கட்டினேன். நீங்கள் வந்தபோது அந்தப் படியில்தான் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினீர்கள். நல்ல படிதான், குறை ஒன்றும் இல்லை. மண்ணை மூடி, மேலே புல்லோடு பெயர்த்த மண்கட்டியையும் வைத்துவிட்டேன்.

வரப்புச் செதுக்குமுன் தண்ணீர் விட்டு மண்ணை ஊற வைப்பது வழக்கம். அதையும் நானே செய்தேன். தம்பிக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான். இரண்டு பக்கமும் பாதம் புதைகிற அளவுக்கு ஊறிவிட்டது.

அவன் காலையில் வந்தான். நான் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவன் ஒரு முனையிலிருந்து செதுக்கிக்கொண்டே வந்தான். வழக்கம்போல் தன் பக்கம்தான் ஒட்டிச் செதுக்கினான். குழாய் போகிற இடம் அவனுக்குத் தெரியும், அங்கே வந்ததும் மெதுவாகத்தான் போட்டான். கல் தட்டும், தட்டினால் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான். கல் தட்டவில்லை. மண்வெட்டி எதிலோ சிக்கிக்கொண்டது. கைப்பிடி மரம் என்பதால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவன் குனிந்து பார்த்தான். "அய்யய்யோ, உங்க ஒயரு வெட்டுப்பட்டுப் போச்சாட்டம் இருக்குதுங்கண்ணா. கல்லே காணமே. தண்ணி எறங்கறதுக்குள்ள மேல தூக்கி வெச்சர்றேன். மோட்டார நிறுத்திட்டீங்கதானே?"

அவன் கேட்டது அவ்வளவுதான், ஐயா. நான் என்ன சொல்வது. மோட்டார் நின்றுதான் இருந்தது. என் கையாலேயே நிறுத்தியிருந்தேன்.

"நிறுத்தியாச்சு சாமி" என்றேன்.

அவன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஒயரைப் பிடித்தான்.

கத்தவில்லை. கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். நான் பீஸ் கட்டையைப் பிடுங்கப் போனேன். ஓடினேனா என்று கேட்காதீர்கள். காடு சேறாகக் கிடந்தது, வழுக்கி விழுந்தால் இந்த வயதில் இடுப்பு போய்விடும். பார்த்து நடந்தேன். பெட்டியைத் திறந்து கட்டையைப் பிடுங்கிவிட்டு, அதற்கப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். அழுதேன். அது பொய் அழுகை இல்லை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவன் நான்.

வெட்டிவிடுவேன் என்று ஒரு நாளாவது மிரட்டினானா என்று கேட்கிறீர்கள். இல்லை. அந்த ஒரு சிரிப்புப் பேச்சைத் தவிர ஒன்றும் இல்லை. மிரட்டியிருந்தால் மணியக்காரரிடம் சொல்லியிருப்பேன், நாலு பேரை வைத்துப் பேசியிருப்பேன். சும்மா இருக்கிறவனை என்ன செய்வது.

அவன் போனால் பயமும் போய்விடும் என்று நம்பினேன். கருமாதி வரைக்கும் நன்றாகத் தூங்கவும் செய்தேன். கைலாசம் வந்து ஒயரை ஒட்டி, திரும்பவும் செங்கல் அடுக்கிக் கொடுத்தார். இந்தக் கல்லை யார் எடுத்தது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். மோட்டார் ஓடியது, மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ந்தது.

இன்று காலையில் தம்பி பெண்டாட்டி சென்னியம்மாள் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டகைக்கு வெளியே நின்றாள்.

"மாமா, வரப்பு பாதியில நிக்குதுங்க. அவரு உட்டுட்டுப் போன வேல. இன்னிக்கு வெயில் தாழ நானே செதுக்கிப்போடறேனுங்க. அந்நேரத்துக்கு மோட்டாரு ஓடாதுங்களே?"

அவள் முகத்தையே பார்த்தேன். கோபம் இல்லை, சந்தேகம் இல்லை. அவன் எப்படிச் செத்தான், கல் எங்கே போயிற்று, நான் எங்கே நின்றேன், ஒன்றுமே கேட்கவில்லை. இனி கிணறு அவளுடையது. பள்ளம் போகிற மண்ணும் அவளுடையது. கையில் அவன் மண்வெட்டி. பேசாமல் நின்றாள், ஐயா, அவனைப் போலவே. திரும்பவும் அந்தப் பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

"ஓடாது சாமி. நிறுத்தித்தான் இருக்கும்" என்றேன்.

அவள் போன பிறகு கொட்டகைக்கு இன்னொரு படி இருந்தால் நல்லது என்று தோன்றியது. கைலாசம் அடுக்கிய கல்லை எடுத்துப் படி வைத்துவிட்டு, வரப்புக்குத் தண்ணீரும் விட்டுவிட்டுத்தான் நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று பஸ் ஏறினேன்.

எழுந்திருக்காதீர்கள். நீங்கள் கடியாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது. வெயில் தாழ்ந்து நேரமாகிவிட்டது. பெட்டிச் சாவி இதோ இடுப்பில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் ஆளை அனுப்பினாலும் இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியுமா தெரியாது. முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நான் அவளுக்கு ஒரு கெடுதலும் நினைக்கவில்லை, ஐயா. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றீர்கள். போயிருந்தால் நான்தான் அவளைத் தடுக்க வேண்டி வந்திருக்கும். அதற்குத்தான் எனக்குப் பயமாக இருந்தது.