பிள்ளையின் பெருமையைத் தாழ்வாரத்தில் கேட்ட டெல்ஃபினா அக்காவுக்கு

அன்பின் அணிகலனே! அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு ஆப்பிள் தோட்டங்களில் அஞ்சியஞ்சி வாழும் பெற்றோரின் அடைக்கலமே! ஆவணமில்லாதவர் தயங்கித் தட்டிய கதவை இருபத்தாறு ஆண்டுகள் இன்முகத்தோடு திறந்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் டெல்ஃபினா அக்காவே! வணக்கம்.

நாவாரப் புகழ வந்த நாங்கள் நாணித் தலைகுனிந்து நிற்கிறோம். புகழ்ந்து எழுதி எங்களுக்குப் பழக்கமில்லை. 'இந்தத் தாயை நாடு கடத்தினால் பிள்ளை தாங்காது' என்று எழுதியே காலந்தள்ளும் சட்ட உதவி அலுவலகம் இது. பிள்ளையின் நோயும் நடுக்கமும் எவ்வளவு பெரிதோ, வழக்கும் அவ்வளவு வலிது. பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று கேட்டால் முகம் வாடியவர்கள் நாங்கள். வெட்கக்கேடு, அக்கா!

ஆப்பிள் பறிக்கும் எலியசாரை நினைத்துப் பாருங்கள். மகள் மரிசெல் இந்த நாட்டில் பிறந்தவள். ஆனால் பன்னிரண்டே வயது. இருபத்தொன்றாகி அவள் தகப்பனுக்காக மனுப்போடும்வரை காத்திருக்க வழியில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டுக் காவலருக்கு உதவியவர்க்குரிய விசாவும் அவருக்குப் பொருந்தவில்லை. பத்தாண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர், தம்மை நாடு கடத்தினால் குடியுரிமையுள்ள பிள்ளை வழக்கத்தை மிஞ்சிய துயருறும் என்று நீதிபதிமுன் மெய்ப்பிக்கும் வழி ஒன்றே மிச்சம்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னோம். மகள் எப்படி இருக்கிறாள் என்று அரசு வழக்கறிஞர் கேட்டதும் அந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அவளுக்கென்ன ஐயா, சமாளிச்சுக்குவா. நான் வளத்த பொண்ணு!"

எங்கள் வழக்கறிஞர் முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, நேரம் போதாமல் விசாரணையை வேறொரு நாளுக்குத் தள்ளினார்கள்.

மறுமுறை அவர் நிமிரவில்லை. குடியேற்றக் காவலரிடம் தாம் பிடிபட்ட நாளிலிருந்து மகள் படுக்கையை நனைப்பதையும், பள்ளியில் வாய் திறவாததையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். அத்தனையும் உண்மை. வென்றோம். ஆனால் வெளியே பெஞ்சில் காத்திருந்த மகளை அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. நாங்களோ ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டு, மலைப்பாதையில் பனி கொட்டுமுன் ஊர் திரும்ப அவசரப்பட்டோம்.

நீங்கள் மட்டும் அவரை நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தீர்கள்.

"கேஸ் முடிஞ்சிருச்சு தம்பி. இப்ப சொல்லு, உன் பொண்ணு எப்படி?"

"ட்ரம்பெட் வாசிப்பா அக்கா. தெருவே நின்னு கேக்கும். என்னை மாதிரி கோழை இல்ல." சொல்லிவிட்டு உடைந்து அழுதார்.

"போதும்ப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று மரிசெல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வென்றவரோ தோற்றவரோ, அப்படிக் கேளாமல் எவரையும் நீங்கள் வீட்டுக்கு அனுப்பியதில்லை. அதை நேர விரயம் என்று முணுமுணுத்த வாய்கள்தாம் இன்று உங்களை வாழ்த்துகின்றன.

இம்மடலை முதலில் எழுதியபோதும், நீங்கள் பிரிந்தால் இவ்வலுவலகம் தாங்கவொண்ணாத் துயருறும் என்றே தொடங்கினோம். கைப்பழக்கம்! நாணிக் கிழித்துப் போட்டோம். நோயணுகா உடலும் நோகாத உள்ளமும் வாய்த்து, அடுப்பில் சோளமாவுத் தமாலே வெந்து மணக்க, வாசலில் எந்த வண்டி நின்றாலும் அஞ்சாத அமைதியோடு நெடுங்காலம் வாழ்க!

கேஸ் முடிஞ்சிருச்சு அக்கா. இப்ப நிஜத்தைச் சொல்றோம். நாங்க சமாளிச்சுக்குவோம். நீங்க வளத்த ஆளுங்க.

நாணத்தோடும் நன்றியோடும்,
சட்ட உதவி அலுவலக ஊழியர்கள்,
யாக்கிமா.