முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை

என் பெயரும் வீட்டு முகவரியும் இத்துடன் இணைத்த முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தொன்று. திருமணமானவள், பிள்ளைகள் இருவர். தனியார் மருத்துவமனை ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் பதினாறு வருடமாக டெக்னீஷியன், மூன்று மாதமாகத் தியேட்டர் பொறுப்பாளர். யாரும் கூப்பிட்டு நான் வரவில்லை. இன்று காலை பத்து மணிக்கு நானாகவே காவல் நிலையம் வந்து, விசாரணை அதிகாரி முன்பு, எவருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வதாவது.

என் வேலை என்னவென்றால், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்து ட்ரேயில் அடுக்கி, கை கழுவி, கவுனும் கையுறையும் போட்டுக்கொண்டு டாக்டர் பக்கத்தில் நின்று, அவர் கை நீட்டும்போது வேண்டியதைக் கொடுப்பது. இரண்டு வருடம் படித்தேன், மீதியை நின்றே கற்றுக்கொண்டேன்.

இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருக்கும் டெக்னீஷியன் என் கணவரின் தம்பி மனைவி, எனக்கு ஓரகத்தி. ஒரே வீட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். வீட்டில் பெரியவள், சின்னவள் என்று கூப்பிடுவது தியேட்டரிலும் ஒட்டிக்கொண்டது. ஏழெட்டு வருடத்துக்கு முன்பு அவளை இந்தப் படிப்பில் சேர்த்தது நான், விண்ணப்பம் நிரப்பியது நான், முடித்ததும் எங்கள் மருத்துவமனையில் சொல்லி வேலைக்கு வைத்ததும் நான். தேடிப்போய் வாங்கிக்கொண்ட தலைவலி என்று பிற்பாடு பல நாள் நினைத்தேன்.

எலும்பு டாக்டருக்குப் பத்து வருடம் நான் கருவி கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தால் ஏதோ தப்பு என்று அர்த்தம், மற்றபடி பார்க்கமாட்டார். சின்னவள் வந்த இரண்டாம் வருடம், எல்லோர் காதிலும் விழ, "இந்தப் பொண்ணு நின்னா நான் வாயே திறக்க வேண்டாம்" என்றார். அதன் பிறகு மூட்டு மாற்று ஆபரேஷன் எல்லாம் அவளுக்கே வந்தது. அவள் ட்ரே விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. இருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன். அதன் பிறகு அவள் எங்கள் தொழிலில் அடுத்த கட்டத் தேர்வும் எழுதித் தேறினாள். நானும் அதே தேர்வுக்குப் புத்தகம் வாங்கினேன். பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் கண் ஆபரேஷன் என்று எனக்குத் தள்ளிப்போயிற்று. மாமியாரை நாங்கள் இருவருமே மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர்கூட ஒரு நாள் சாப்பிடும்போது, "அவ கெட்டிக்காரிதான்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல நான் இங்கே வரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு தியேட்டர் பொறுப்பாளர் பதவி காலியானது. எங்கள் இருவர் பெயரும் போயிருந்தன. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தையல்கார அம்மா ஒருவருக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். சின்னவள் டாக்டர் பக்கத்தில் நின்றாள். நான் கவுன் போடாமல், வேண்டியதை வெளியிலிருந்து எடுத்துத் தரும் ஆளாக நின்றேன். பதினாறு வருட அனுபவம், பெட்டியைத் திற, விளக்கைத் திருப்பு என்று கேட்டுக்கொண்டு.

தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. கிருமிநீக்கம் செய்யாத எதன் மீதாவது கையோ துணியோ பட்டதைப் பார்த்தவர் "பட்டுடுச்சு" என்று சொல்ல வேண்டும். தரை துடைப்பவர் சொன்னாலும் சரி, தலைமை டாக்டர் சொன்னாலும் சரி, அதற்கு மேல் பேச்சு இல்லை. எங்கே, எப்போது என்று யாரும் சண்டை பிடிக்கமாட்டார்கள். சொன்னவர் கண்ணை நம்பித்தான் அந்த அறை நடக்கிறது.

எலும்பை அறுத்து முடித்த பிறகு, சின்னவள் அளவுக் கருவியை எடுக்கத் திரும்பினாள். அவள் கைக்கும், கிருமிநீக்கம் செய்யாத பக்கத்து மேசைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். படவில்லை என்று தெரிந்தே "பட்டுடுச்சு" என்றேன்.

அவள் உடனே கையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். டாக்டர், "அதுக்கப்புறம் எதையெல்லாம் தொட்டா?" என்று என்னைக் கேட்டார். சொன்ன பொய் நிற்க வேண்டுமே என்று மூன்று கருவிகளைக் காட்டினேன். வேறு செட் இல்லாததால் அவற்றை எடுத்து அவசர முறையில் மறுபடி கிருமிநீக்கம் செய்யப் போட்டார்கள். திறந்த முழங்கால் ஈரத்துணி மூடியபடி இருபத்திரண்டு நிமிடம் காத்திருந்தது. கவுனை மாற்றிக்கொண்டு சின்னவளே திரும்ப வந்திருக்கலாம். அதற்குள் நான் கை கழுவி, கவுன் போட்டுக்கொண்டு அவள் இடத்தில் நின்றுவிட்டேன். அதன் பிறகு ஆபரேஷன் முடிந்தது. நானே பதிவேட்டில் அவள் பெயரை எழுதி, "கவுன் கை பட்டது, ஆள் மாற்றப்பட்டது" என்று குறித்தேன். அடுத்த திங்கட்கிழமை பதவி எனக்கு வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "எங்கேக்கா பட்டுச்சு? எனக்குத் தெரியவே இல்லை. இனிமே அந்த இடத்துல கவனமா இருக்கணும்" என்று கையை நீட்டினாள். நான் அவள் வலது முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை தள்ளி விரலை வைத்து, "இங்கே" என்றேன். அவள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே மேலே போனாள்.

இரண்டாவது வாரம் தையல்கார அம்மாவின் காலில் சீழ் பிடித்தது. வைத்த மூட்டைத் திரும்ப எடுத்தார்கள். இப்போது அவருக்குக் கால் மடங்குவதில்லை, மெஷின் மிதிக்க முடிவதில்லை. அவர் மகன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். மருத்துவமனை பதிவேட்டைப் புரட்டி, என் கையெழுத்தில் இருந்ததைக் காட்டி, சின்னவளை வேலையிலிருந்து நிறுத்தியது. அவளுடைய டெக்னீஷியன் பதிவையே ரத்து செய்யப் போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. ரத்தானால் எந்தத் தியேட்டரிலும் அவள் கால் வைக்க முடியாது. கிருமி எங்கிருந்து வந்தது, என் அவசரத்தில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் கையிலிருந்து வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. போன வியாழக்கிழமை நான் கவுன் போட்டு நின்றபோது, புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் என்னைப் பார்த்து "மேடம், பட்டுடுச்சு" என்றார். எனக்கு எதுவும் பட்டதாகத் தெரியவில்லை. வெளியே வந்து கை கழுவும்போது, இவனுக்கு என் மேல் என்ன காட்டம், எந்தப் பதவிக்கு அடி போடுகிறான் என்றுதான் முதலில் யோசித்தேன். அதன் பிறகு தினமும், யார் எதைச் சொன்னாலும் சொன்னவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை.

மேலே உள்ளதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் "பட்டதாகத் தவறாகக் கருதி" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "படவில்லை என்று தெரிந்தே" என்று எழுதச் சொன்னேன். அதிகாரி, "தெரிஞ்சேன்னு எழுதினா உங்க மேலதான் கேஸ் திரும்பும்மா" என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதிவிட்டு, "உங்க ஓரகத்தியும் அவங்க வாக்குமூலத்துல இதே இடத்துலதான் அடிக்கச் சொன்னாங்க. நான் 'பட்டிருக்கலாம்'னு எழுதியிருந்தேன். 'பட்டுச்சுன்னு போடுங்க சார், அக்கா பொய் சொல்லமாட்டாங்க'ன்னாங்க" என்றார்.

அதைக் கேட்டபோதும் எனக்கு அவள் மேல் பொறாமைதான் வந்தது. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

திருத்தியது உட்பட இதிலுள்ள எல்லாம் என் வாயால் சொன்னவை, உண்மையானவை. படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு,

(கையொப்பம்)