மேல் டிவிசன் பங்களாவின் ஆணி மெஷின்

இது நம் ஜூட்டின் பெரியப்பா இக்னேசியஸுக்கு நடந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... சத்தமாகச் சொல்லுகிற விஷயம் இல்லை.

போன நவம்பர். சாயங்காலம் நாலரை மணி. வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறுகிற ரோடு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் கடைசி லயத்தைத் தாண்டினால் மூன்று கிலோமீட்டருக்கு ஆள் நடமாட்டம் கிடையாது. தேயிலையும் பனியும்தான். ரோடு முடிகிற இடத்தில், தோட்டத்தின் மேல் டிவிசனில், ஒரு பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா. கொழும்புக்காரர் ஒருவர் அதை வாங்கி ஹோட்டலாக்கிக்கொண்டிருந்தார்.

உள்ளே இரண்டே பேர். பலகைத் தரை போடுகிற இக்னேசியஸ். அவர் மனைவி பவுலினின் தம்பி மிலான். மிலானுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்.

காற்றில் இயங்குகிற ஆணி மெஷின் வைத்திருந்தார்கள். கம்பிரஷரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும். மெஷின் தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டால், டக்... ஆணி உள்ளே போய்விடும்.

ஜன்னலோரத்துப் பலகையில் ஆணி சிக்கி மெஷின் இறுகிக்கொண்டது.

"கொறட்டக் குடுங்க மச்சான், ஒரே இழுவைல எடுத்துர்றேன்," என்றான் மிலான்.

"காத்தக் கழட்டாம கைய வைக்காத. தெறிச்சா கண்ணு போயிரும்."

இக்னேசியஸ் அதில் கறாரான ஆள். கம்பிரஷரை நிறுத்தினார். குழாயைக் கழற்றினார். புஸ்ஸ்... மிச்ச ஆணிகளை வெளியே கொட்டினார். பிறகுதான் மெஷினின் வாயைத் திறந்து, சிக்கிய ஆணியைக் குறடால் இழுத்தார். முனை நசுங்கியிருந்தது. கல்லில் அடித்த மாதிரி. ஆனால் அடியில் கல் ஏது? பலகையைத் தாங்கும் கட்டைகள், ஒரு சாண் இடைவெளி, மண். அவ்வளவுதான்.

திரும்பப் பூட்டி அடித்தார். திரும்ப இறுகியது. அதே பலகை. இந்தத் தடவை ஆணி இரண்டாக மடிந்து வந்தது. கூடவே ஈர மண் வாடை... முடி கருகிய மாதிரி ஒரு நெடி.

மூன்றாவது தடவையும் இறுகியது. கம்பிரஷரை நிறுத்தியதும் வீடே அடங்கிப்போனது. மெஷினை மடியில் வைத்துத் திறந்துகொண்டிருந்தார் இக்னேசியஸ். குழாய் இரண்டடி தள்ளிக் கிடந்தது.

மிலான் குனிந்து பலகையில் உள்ளங்கையை வைத்தான்.

"மச்சான்... அடியில யாரோ தடவுறாங்க."

"எலியா இருக்கும். கைய எடு."

எடுப்பதற்குள்...

டக். டக். டக்.

மிலான் போட்ட அலறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெஷின் இன்னும் இக்னேசியஸ் மடியில்தான் இருந்தது. ஆணியும் இல்லை, காற்றும் இல்லை. ஆனால் மிலானின் புறங்கையில் மூன்று ஆணி முனைகள் நீட்டிக்கொண்டு நின்றன. கீழேயிருந்து மேலே. இரத்தம் பலகை இடுக்கில் வழிந்து இறங்கியது. இறங்க இறங்க, அடியில் சளக், சளக்கென்று ஏதோ நக்கியது.

"அறுத்துருங்க மச்சான்! கைய அறுத்துருங்க!"

"மாதாவே!" இக்னேசியஸ் மிலானின் முழங்கைக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் காலை உதைத்து இழுத்தார். பலகைக்குக் கீழே இன்னொன்று அந்தப் பக்கம் இழுத்தது. அந்தப் பலத்தை அவர் தோளில் உணர்ந்தார். சதை கிழிகிற சத்தம் கேட்டது. ஓர் எலும்பு முறிந்தது. கடைசியில் கை வந்துவிட்டது... இரண்டு விரல் வரவில்லை.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று கிலோமீட்டரும் ஓடினார். லயத்தில் ஒரு ஆட்டோ கிடைத்தது. மிலான் பிழைத்தான். இன்றைக்கும் அவன் வெறுந்தரையில் கால் வைக்க மாட்டான். இக்னேசியஸ் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் ஒரு பொலிஸ்காரரும், தோட்டத்து வாச்சர் சோலைமலையும் வந்தார்கள். இக்னேசியஸ் அலவாங்கு போட்டு நெம்பி அந்தப் பலகையைப் பெயர்த்தார். கீழே காய்ந்த மண். சிலந்தி வலைகூட அறுபடவில்லை. இரத்தம் ஒரு சொட்டு இல்லை. விரல்களும் இல்லை.

சோலைமலை தரையோடு தரையாகப் படுத்து, அந்த இடுக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச்சை அறையின் நாலு மூலைக்கும் திருப்பினார். பிறகு மெல்லச் சொன்னார்.

"யாரும் அசையாதீங்க."

அறை முழுக்க, ஒரு பலகை விடாமல், கீழேயிருந்து மேலாக ஆணிகள். நூற்றுக்கணக்கில். எல்லாம் பலகைக்குள் பாதி ஏறி நின்றன.

மூன்று பேரும் இருந்தது அந்தத் தரையின் மேல்தான்.