பதினொன்றாவது சோதனை

சுற்றுகிற மின்விசிறியைக் கழற்றிப் பார்க்கிற ஆள் நான் இல்லை. சத்தம் வந்தாலும் காற்றும் வருகிறதே என்று விட்டுவிடுவேன். என் மனைவிக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவின் கணினிகள் என் பொறுப்பு. புற்றுநோயாளிக்கு எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர் என்று கணக்கிட்டு இயந்திரத்துக்குச் சொல்லும் புரோகிராம் எங்களுடையது. அது எல்லாக் கணக்கையும் தானே போடாது. பாதியை லைப்ரரி என்று நாங்கள் சொல்லும் பொதுத் தொகுப்பிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். போன வருடம் அந்த லைப்ரரியைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். புதுப்பித்தோம்.

என்னுடன் வேலை செய்யும் பெண்ணை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். தடித்த கண்ணாடி, அதைவிடக் கூர்மையான கண். அவள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

“சார், லைப்ரரி மாறிடுச்சு. நம்ம புரோகிராமையும் மறுபடி கம்பைல் பண்ணிடலாம். அது இன்னும் பழைய லைப்ரரின்னு நினைச்சுக்கிட்டுத்தான் ஓடுது. அலமாரியில டப்பாவையெல்லாம் இடம் மாத்திட்டு, கண்ணை மூடிக்கிட்டுப் பழைய இடத்துல கை விடற மாதிரி. ஒரு மணி நேர வேலைதான்.”

கம்பைல், அதாவது புரோகிராமைப் புது லைப்ரரிக்கு ஏற்ப மறுபடி கட்டுவது, ஒரு மணி நேரம்தான். ஆனால் விதிப்படி, புதிதாகக் கட்டிய புரோகிராமை மூன்று வாரம் சோதிக்க வேண்டும். அதுவரை இயந்திரம் நிற்கும். எங்கள் பிரிவின் வாசலில் ஒரு பலகை உண்டு: நிற்காமல் ஓடிய நாட்கள். தினமும் காலையில் நான்தான் எண்ணை மாற்றுவேன். அன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டு. காத்திருக்கும் நோயாளிகள் எங்கே போவார்கள் என்று அவளிடம் கேட்டேன். அவள் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

நான் அலட்சியமானவன் அல்ல. பழைய நோயாளிகளின் பதினோரு கணக்குகளை எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பத்து சரியாக வந்தன. பதினொன்றாவது கழுத்துப் பகுதிக்கானது. அதில் கதிர் ஒன்றரை மடங்காக வந்தது. அந்த வகை நோயாளிகள் எப்போதாவதுதான் வருவார்கள். பத்துக் கணக்குகள் சரியாக வந்தன என்று அறிக்கை எழுதினேன். அதில் பொய் இல்லை.

தொண்டைக் கட்டியோடு வந்தவர் ஒரு தையல்காரர். வரிசையில் உட்கார்ந்தபடி என் சட்டையைப் பார்த்து, “காலர் நைஞ்சுபோச்சு, தம்பி. குணமானதும் திருப்பித் தச்சுத் தரேன்” என்றார், கம்மிய குரலில். ஒன்பதாம் நாள், இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன் என்னிடம் வந்தார். கழுத்துத் தோல் இவ்வளவு சீக்கிரம் வெந்துபோவதில்லை, கணக்கை ஒருமுறை பாருங்கள் என்றார். தோல் ஆளுக்கு ஆள் மாறும் என்று சொன்னேன். மாறும்தானே.

சிகிச்சை முழுதாக நடந்தது. அடுத்த மாதம் தையல்காரரால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. சிகிச்சை முடிந்த ஏழாவது வாரம் இறந்தார். அவர் மனைவி வந்து எங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியின் விசாரணையில், நோயாளியைச் சரியாகப் படுக்கவைக்காமல் இருந்திருக்கலாம் என்றேன். இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னேன். டெக்னீஷியனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, பிரிவில் யாரும் இல்லாதபோது, கம்பைல் செய்து பழையதன் இடத்தில் வைத்தேன். கண்ணாடி சொன்னது சரிதான், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

பதினொன்றாவது சோதனையின் கோப்பை அழிக்க மறந்துவிட்டேன். அதைக் கண்டெடுத்து, இப்போது என்னை விசாரிக்கும் உங்களிடம் கொடுத்ததும் அவள்தான். நல்ல பெண். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆபத்து முன்பே தெரியுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். ஒரே ஒரு சோதனையை வைத்து யாரும் ஒரு முடிவுக்கு வர மாட்டார்கள். தெரியாது என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

என் அக்காவைப் பற்றிக் கேட்டதால் அதையும் சொல்கிறேன். தையல்காரருக்குப் பன்னிரண்டாம் நாள் சிகிச்சை நடந்தபோது அக்காவுக்கும் தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. “உன் ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கலாமேடா, நீயும் கூட இருப்பே” என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வேறு ஊருக்கு அழைத்துப் போனேன். இப்போது நன்றாக இருக்கிறாள். அங்கே லைப்ரரி மாறினால் புரோகிராமையும் கம்பைல் செய்துவிடுவார்கள். சேர்ப்பதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சொந்த அக்கா விஷயத்தில் அசட்டையாக இருக்க முடியுமா.